தாலிக்கு ஓர் அரசர்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் போகும் ரி-பானே சுரங்க ரயிலில் எனக்கு எதிரே இருந்த இரண்டு பெண்களுடையது. ஒருவரின் மடியில் கறிவேப்பிலைப் பை. மற்றவரின் கையில் குழந்தைச் சப்பாத்து ஒன்று இருந்தது. குழந்தையைக் காணவில்லை.

"பிறகென்ன, அந்தாள் ராசாவை உருக்க விடமாட்டன் எண்டு அடுப்புக்கு முன்னாலை நிண்டவராம்."

"ஆற்றை ராசாவை?"

"நோர்வே ராசாவைத்தான். தாலிக்கு."

"ஐயோ கடவுளே. பிறகு?"

இந்த இடத்தில் ரயில் நின்றது. இருவரும் இறங்கிவிட்டார்கள். நானும் இறங்கிப் பின்னால் ஓடி, "மன்னிக்கவேணும், பிறகு?" என்று கேட்டிருக்கலாம். எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் மணி கேட்கவே வாய் வராது. கதவு மூடிக்கொண்டது.

ஆகவே என்னிடம் இருந்தவை ஒரு ராசா, ஒரு தாலி, ஓர் அடுப்பு. ஆய்வுகூடத்தில் மூன்று புள்ளிகளை வைத்துக்கொண்டு கோடு இழுத்தால் பேராசிரியர் திட்டுவார். கதையில் திட்ட ஆளில்லை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்:

"2005ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒஸ்லோ நகரமெங்கும் கொடிகள் படபடத்துக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், ஒரு மனிதர் தன் அரசரைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள்"

விட்டுவிட்டேன். கொடிகள் படபடக்கும் கதைகளை நானே இரண்டாவது வரிக்கு மேல் வாசிப்பதில்லை.

இரண்டாவது தொடக்கம்:

"தங்கம் ஆயிரத்து அறுபத்து நான்கு பாகையில் உருகும்."

இதை எழுதியதும் மனம் அமைதியானது. சரியான வாக்கியம். யாரும் மறுக்கமுடியாது. ஆனால் இதற்கு அடுத்த வாக்கியமாக வெள்ளியின் உருகுநிலைதான் வந்தது. அதையும் விட்டேன்.

மூன்றாவது தொடக்கம்:

"அருளானந்தனுக்கு அரசரைப் பிடிக்கும்."

இதை வைத்துக்கொள்வோம்.

3.

அருளானந்தனுக்கு அரசரைப் பிடிக்கும். ஊர்காவற்றுறையில் பிறந்து, எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்து, ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறவர். எல்லிங்ஸ்ருட்டில் அவருடைய வீட்டுக்குள் நுழைந்தால் இடப்பக்கச் சுவரில் திருக்குடும்பம், வலப்பக்கச் சுவரில் அரச குடும்பம். இரண்டுக்கும் ஒரே அளவுச் சட்டம், ஒரே கடையில் போட்டது. புதிதாக வரும் விருந்தாளிகள் சிலர் அவசரத்தில் இரண்டுக்கும் சிலுவை போட்டுவிடுவார்கள். அவர் திருத்துவதில்லை.

அரச குடும்பத்தில் யாருக்காவது ஒரு வயது முழுமையடைந்தால், யாராவது அரியணை ஏறி ஆண்டுகள் சில ஆனால், அதற்கு நினைவுப் பதக்கம் வெளிவரும். வந்தால் அது அருளானந்தன் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்கும் வரும். வெண்கலம், வெள்ளி, வெள்ளி மாதிரி ஒன்று. ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில், நீல வெல்வெட் பெட்டியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது பொன். நாடு சுவீடனிலிருந்து பிரிந்து தனக்கென ஓர் அரசரைத் தேடிக்கொண்ட நூற்றாண்டுக்காக வெளியிட்டது.

(இந்தப் பொன் பதக்கத்தை இணையத்தில் தேடவேண்டாம். நான் அடித்தது. ஒரு பக்கம் அரசரின் பக்கவாட்டு முகம், மறுபக்கம் கோடரி பிடித்த சிங்கம். செலவு என்னுடையது என்பதால் தனித் தங்கத்திலேயே அடித்தேன். கடைசியில் அது முலாம் என்று தெரியவந்து எல்லோரும் தலையில் கைவைக்கும் கதையை எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.)

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவரை வெறும் கோமாளியாக எழுதியிருந்தேன். மறுபடி வாசித்தபோது, தாளுக்குள்ளிருந்து அவர் என்னை முறைப்பதுபோல் இருந்தது. ஒரு மனிதர் காரணமில்லாமல் இப்படி இருப்பாரா?

யோசித்ததில் கிடைத்தது இது. அவர் ஊரைவிட்டு வந்த காலத்தில், வீட்டுச் சுவரில் யாருடைய படம் தொங்குவது என்பதை வீட்டுக்காரர் தீர்மானிப்பதில்லை. மாட்டினால் ஒரு பகுதி வந்து விசாரிக்கும். கழற்றினால் மறு பகுதி வந்து விசாரிக்கும். இங்கே அவராக ஆசைப்பட்டு ஆணி அடித்து மாட்டிய முதல் தலைவர் படம் அது. மாட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. கழற்றினாலும் ஒருவரும் கதவைத் தட்டப்போவதில்லை. அதனால்தான் அவர் கழற்றவில்லை.

இப்போது அவர் முறைப்பதை நிறுத்திவிட்டார்.*

* அவருக்கு அனஸ்ரேசியா என்று ஒரு மனைவி உண்டு. கெட்டிக்காரி. அவர் வந்தால் கதை மூன்றே வரியில் தீர்ந்துவிடும் என்று பயந்து, முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலைக்கு அனுப்பிவிட்டேன். கோபமாகப் போயிருக்கிறார்.

4.

பொன்னுருக்கு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: யாழ்ப்பாணத்துக் கல்யாணங்களில் தாலியைக் கடையில் போய்த் தெரிந்தெடுப்பதில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு நாள், மாப்பிள்ளை வீட்டில், இரு பகுதியாரும் பார்த்திருக்க, ஒரு பொற்காசை உருக்குவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி. கத்தோலிக்கர்களிலும் சில வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. தாலியில் சிலுவையோ புறாவோ வரும், அவ்வளவுதான். முன்பெல்லாம் உருக்கியது ஆங்கிலேயப் பவுண். விக்டோரியா மகாராணியையும் அவருக்குப் பின் வந்த எட்வர்டையும் ஜோர்ஜையும் எங்கள் ஆட்கள் வரிசையாக உருக்கிக் கழுத்தில் கட்டியிருக்கிறார்கள். யாரும் அதற்காகக் கண் கலங்கியதாகத் தகவல் இல்லை.

அருளானந்தனின் தங்கை ஞானமலர். லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி, சமைக்க வீட்டைவிடப் பெரிய குசினி ஒன்று கட்டியவர். அவருடைய மகன் எலியாஸுக்கும் சுவாதி என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் தகப்பன் சிவராமன் கோயம்புத்தூர்க்காரர். உலோகங்கள் ஏன் உடைகின்றன என்று ஒஸ்லோவில் ஆராய்ச்சி செய்கிறவர்.

"எங்க பக்கம் நகைக்கடையில ஆர்டர் குடுத்துடுவோம்ங்க," என்றார் சிவராமன். "ஆனா நீங்க உங்க வழக்கப்படியே செய்யுங்க. மெல்ட் பண்றத நானும் பாக்கணும்."

"ஓம், ஆனா பவுணுக்கு இஞ்சை எங்கை போறது?" என்றார் ஞானமலர்.

அருளானந்தன் கதிரையிலிருந்து எழுந்தார். எழுந்திருக்கத் தேவையில்லை. இருந்தும் எழுந்தார்.

"பவுண் ஏன் உனக்கு? தாய்மாமன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன். என்ரை மருமோனுக்கு நான் ராசான்ரை பதக்கம் தாறன். தனித் தங்கம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவருடைய மனதில் ஒரு படம் ஓடியது. வெள்ளித் தட்டம், வெற்றிலை, அதன் நடுவில் பதக்கம். ஆட்கள் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள். "ஆ, ராசா!" என்கிறார்கள். படம் அத்துடன் முடிந்துவிட்டது. அதில் அடுப்பு இருக்கவில்லை.

எல்லிங்ஸ்ருட் திரும்பும் வழியில்தான் அடுப்பு ஞாபகம் வந்தது.

5.

நாள் வந்தது.

"நாங்கள் வேதக்காரர், நல்ல நேரம் கெட்ட நேரம் பாக்கிறேல்லை," என்று ஞானமலர் சிவராமனுக்கு விளக்கினார். "ஆனா பன்னிரண்டுக்கு முதல் உருக்கிப்போட வேணும். பாதருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ."

குசினி மேசையில் மாதா சுரூபம், மெழுகுதிரி, தேங்காய், வெற்றிலை, ஒரு தட்டு ஜாம் பூசிய வாஃபிள்.

 வாஃபிள் எப்படி வந்தது? முந்திய வரைவில் கிறேத்த என்ற பக்கத்து வீட்டு நோர்வேஜியப் பெண்மணி கொண்டுவந்தார். தன் அரசரை உருக்குவதைப் பார்த்து அவர் அதிர்ச்சியில் அலறவேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். எத்தனை முறை எழுதியும் அவர் அலறவில்லை. "ஓ, எவ்வளவு அழகான வழக்கம்!" என்று சொல்லிவிட்டுப் படம் எடுக்கத் தொடங்கினார். கதைக்கு உதவாதவர் என்று நீக்கிவிட்டேன். வாஃபிளை நீக்க மனம் வரவில்லை.

உருக்க வந்தவர் சச்சிதானந்தன். பல் செய்யும் ஆய்வுகூடத்தில் வேலை. காஸ் தீக்குழலும், மூசை என்ற சின்ன மண் கிண்ணமும் கொண்டுவந்திருந்தார்.

"பயப்பிடாதையுங்கோ அருளண்ணை. நான் எத்தினை பேற்றை பல்லுக்குப் பொன் உருக்கினனான். ராசா எண்டாலும் பல்லெண்டாலும் நெருப்புக்கு ஒண்டுதான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அருளானந்தனுக்கு அது ஆறுதலாக இல்லை.

அவர் பெட்டியைத் திறந்து பதக்கத்தை எடுத்தார். பிளாஸ்டிக் உறை திறக்கவில்லை. நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார். எலியாஸ் சீஸ் சீவும் கரண்டியைக் கொண்டுவந்து ஒரே நெம்பில் திறந்தான். பதக்கம் வெளியே குதித்து, மேசையில் உருண்டு, வாஃபிள் தட்டில் ஏறி நின்றது.

"துடையடா!" என்று கத்தினார் அருளானந்தன். "ஜாம் பட்டிட்டுது!"

துடைத்தார்கள். மூசையில் வைத்தார்கள். சச்சிதானந்தன் தீப்பெட்டியைத் தேடினார்.

"பொறுங்கோ," என்றார் அருளானந்தன். "மேலை அந்த பிறான்வார்ஸ்லர்? புகை வந்தால் கூவுமெல்லோ?"

"கழட்டியாச்சு, மாமா," என்றான் எலியாஸ்.

"கழட்டினியோ? அது சட்டப்படி பிழை. ஒரு நாட்டிலை இருந்தால் அந்த நாட்டின்ரை"

"அண்ணை," என்றார் ஞானமலர், "மணி பாக்கிறியளோ?"

சச்சிதானந்தன் தீப்பெட்டியைக் கண்டுபிடித்தார்.

"பொறுங்கோ. முகம் மேலை கிடக்கு. நெருப்பு நேரை முகத்திலையோ பிடிக்கிறது?"

சச்சிதானந்தன் பொறுமையாகப் பதக்கத்தைப் புரட்டினார். இப்போது சிங்கம் மேலே வந்தது.

"இப்ப முகம் அடியிலை. அடிதானே முதல் சுடும்?"

"அப்படி இல்லைங்க சார்," என்றார் சிவராமன், வாஃபிளை மென்றபடி. இவ்வளவு நேரமும் அவர் காத்திருந்த கேள்வி இது. "கோல்டு நல்ல கண்டக்டர். எந்தப் பக்கம் புடிச்சாலும் சூடு சமமாப் பரவிடும். மூக்குக்குத் தனியா ஒண்ணும் ஆகாது."

மூக்கைப் பற்றி அதுவரை யாரும் நினைக்கவில்லை. இப்போது அருளானந்தன் நினைத்தார்.

"முழுசாய் ஏன் உருக்கவேணும்? ஒரு தாலிக்கு இவ்வளவு தேவையே? கரையிலை ஒரு துண்டு வெட்டுவம்."

"எதை வெட்டுறது?" சச்சிதானந்தன் பதக்கத்தைக் கையிலெடுத்துச் சுற்றிப் பார்த்தார். "இந்தப் பக்கம் வெட்டினால் காது போகும். அந்தப் பக்கம் வெட்டினால் சிங்கத்தின்ரை கோடாலி போகும். கீழை வெட்டினால் கழுத்து."

"கழுத்தோ!"

"வெட்டுறேல்லை!" ஞானமலரின் குரல் உயர்ந்தது. "கலியாண வீட்டிலை காசை வெட்டுறதோ? முழுசாய்த்தான் உருக்கவேணும். அண்ணை, அது ஒரு படம். ஆள் அங்கை அரண்மனையிலை இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு ஒண்டும் நோகாது."

"உனக்கு விளங்காது, ஞானம்."

"எனக்கு நல்லா விளங்குது. உங்கடை கலியாணத்துக்கு உருக்கினது ஐஞ்சாம் ஜோர்ஜ். அப்ப நீங்கள் பக்கத்திலை நிண்டு பல்லைக் காட்டிச் சிரிச்சனீங்கள்."

"அந்தாள் எங்களுக்கு என்ன செய்தவர்?"

"சரி. இந்தாள் என்ன செய்தவர்?"

அருளானந்தன் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

"ஒண்டும் செய்யேல்லை," என்றார். "அதுதான் நானும் சொல்லுறன். ஒரு ராசா எங்களை ஒண்டுமே செய்யேல்லை. அப்பிடி எத்தினை பேரை நீ கண்டனி?"

சிவராமன் மெல்லுவதை நிறுத்தினார்.

எலியாஸ் மாமாவின் தோளில் கைவைத்தான். "மாமா, விடுங்கோ. நான் வேறை தங்கம் எடுக்கிறன். டெ ஓர்ட்னர் செய்." எல்லாம் சரிவரும் என்று அர்த்தம். நோர்வேயில் பிறந்த பிள்ளைகள் எதற்கும் சொல்வது.

"பேசாமல் இரடா. சபையிலை சொன்ன சொல்லு. நான் உன்ரை தாய்மாமன்." "சச்சி, கொளுத்தும்."

6.

சச்சிதானந்தன் கொளுத்தினார். நீலச் சுவாலை சீறுகிறது.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். காஸ் வீணாகாது, நான் எழுதாதவரை அது எரியாது. முடிவுகளை இப்போதே பார்த்துவிடலாம்.

முடிவு அ. பதக்கம் உருகுகிறது. தாலியாகிறது. சுவாதியின் கழுத்தில் ஏறுகிறது. அன்றிலிருந்து சுவாதியைக் காணும்போதெல்லாம் அருளானந்தன் எழுந்து நிற்கிறார். இது ஏதோ யாழ்ப்பாணத்து மரியாதை என்று நினைத்து அவளும் எழுந்து நிற்கிறாள். இருவரில் யார் முதலில் உட்காருவது என்று தெரியாமல் டிசெம்பரில் நத்தார் விருந்து ஆறிப்போகிறது.

(எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சுவாதி பாவம். அவளுக்கு இந்தக் கதையில் ஒரு வசனம்கூட நான் கொடுக்கவில்லை. பொன்னுருக்குக்குப் பெண் வரக்கூடாது என்பது வழக்கம், என் குற்றமல்ல. வசனமில்லாதவளை வாழ்நாள் முழுக்க நிற்கவும் வைப்பது அநியாயம்.)

முடிவு ஆ. எல்லோரும் கண்மூடிச் செபம் சொல்லும்போது எலியாஸ் பதக்கத்தை எடுத்துவிட்டு, தங்கத் தாள் சுற்றிய சொக்கிளேட் காசு ஒன்றை மூசையில் வைக்கிறான். குசினி முழுவதும் மணக்கிறது. "இது கோல்டு இல்லைங்க," என்கிறார் சிவராமன், "கொக்கோ."

(எழுதும்போது தனியாகச் சிரித்தேன். ஆனால் இதற்கு சச்சிதானந்தன் குருடராக இருக்கவேண்டும். அவரிடம் பல் கட்டியவர்கள் இதை வாசிக்கக்கூடும்.)

முடிவு இ. சைரன் ஒலிக்கத் தீயணைப்பு வண்டி வாசலில் வந்து

(இல்லை. பிறான்வார்ஸ்லரைக் கழற்றிவிட்டோம்.)

வேறு முடிவு இல்லை. திரும்பிப் போவோம். அவர்கள் அங்கே கையைக் காலை அசைக்காமல் நிற்கிறார்கள்.

7.

நீலச் சுவாலை சீறியது. சச்சிதானந்தன் அதை மூசையை நோக்கித் தாழ்த்தினார். முகம் மேலே இருக்கவேண்டும் என்பது அருளானந்தனின் கடைசித் தீர்மானம். முதுகு காட்டிப் போகவிடக்கூடாதாம்.

"எல்லாரும் எழும்புங்கோ," என்றார்.

எல்லோரும் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள், சிவராமனைத் தவிர. அவர் வாய் துடைத்துக்கொண்டு எழுந்தார். அருளானந்தன் அரசருக்கான வாழ்த்துப் பாட்டைத் தொடங்கினார். முதல் வரிதான் தெரியும். அதையே திரும்பத் திரும்பப் பாடினார். எலியாஸ் மெல்லச் சேர்ந்துகொண்டான். பாட்டு எங்கே போகிறது என்று தெரியாத ஞானமலர், எதற்கும் இருக்கட்டும் என்று "அருள் நிறைந்த மரியே" சொல்லத் தொடங்கினார். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, லோறென்ஸ்கூக் இதுவரை கேட்டிராத ஒரு கீதமாயிற்று. சிவராமன் பண்பான மனிதர். எதற்கென்று தெரியாமலே கைகூப்பினார்.

பொன் மெல்ல நிறம் மாறியது. முதலில் மங்கல் சிவப்பு. பிறகு இன்னும் சிவப்பு.

"போகுதோ?" அருளானந்தன் கண்ணை இறுக்க மூடியிருந்தார். "முகம் போகுதோ?"

"இன்னும் இல்லைங்க," என்றார் சிவராமன் தாழ்ந்த குரலில். "சுத்தத் தங்கம். உருகற வரைக்கும் முகம் அப்படியே இருக்கும். உருக ஆரம்பிச்சா நிக்காது. அதுவரைக்கும் பாக்கலாம். பாருங்க சார், இவ்வளவு அழகா நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

அருளானந்தன் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும்.

மூசைக்குள் அரசர் செக்கச் சிவந்திருந்தார். நெற்றி, மூக்கு, நாடி, ஒன்றும் குறையவில்லை. உள்ளேயிருந்து யாரோ விளக்கு ஏற்றியதுபோல் இருந்தார்.

"எட," என்றார் அருளானந்தன். "சிவந்துபோனார்."

"வெக்கப்படுறார், மாமா," என்றான் எலியாஸ். "இவ்வளவு பேர் பாத்தால்?"

அருளானந்தன் சிரித்தார். காலையிலிருந்து முதல் சிரிப்பு. கண்ணிலிருந்து நீரும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்ததென்று ஞானமலருக்கே தெரியவில்லை. அவர் செபத்தை நடுவில் நிறுத்தியிருந்தார்.

"சச்சி, அதை இஞ்சை தாரும்," என்றார் அருளானந்தன். "நான் பிடிக்கிறன். வேறையாள் செய்யக்கூடாது."

சச்சிதானந்தன் ஞானமலரைப் பார்த்தார். ஞானமலர் தலையாட்டினார். தீக்குழல் கைமாறியது. பேருந்தின் ஸ்ரியரிங் பிடித்துப் பழகிய கை. தீயை நேராகப் பிடித்தது.

"அண்ணை?" என்றார் ஞானமலர்.

அவர் மூசையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சிவப்புக்கும் உருகலுக்கும் இடையில் இன்னும் சில நூறு பாகை இருக்கிறது. அந்த இடைவெளியில் கதையைப் பிடித்து வைத்திருக்கிறேன். அவர் தீயை இன்னும் கிட்டப் பிடித்து உருக்கலாம். குமிழைத் திருகி அணைக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் அவர் தானாகச் செய்ததாக இருக்கும்.

எதைச் செய்தார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் உருக்குவதென்றால், கடைசிவரை நீங்கள் அருளானந்தனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அணைப்பதென்றால், சம்பந்தி முன்னிலையில் ஞானமலருக்கு நீங்களே பதில் சொல்லவேண்டும். எனக்கு இரண்டுக்கும் துணிவில்லை.

வாஃபிள் இன்னும் இரண்டு இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.